பதினேழாவது வரிசையில் ஊதா

வைனெல் ஸ்ட்ரிக்லண்ட் எங்கள் ஊர்ப் பள்ளிச் சமையலறையில் முப்பத்தோரு வருடமாக வேலை பார்க்கிறார். பிள்ளைகள் அவரை மிஸ் வைனெல் என்பார்கள். கூட வேலை செய்யும் நாங்களும் அப்படித்தான். சாப்பாட்டுக்குக் காசு கொண்டுவராத பிள்ளையின் தட்டில் எதையும் குறைக்காதவர். பொய் சொல்லத் தெரியாது என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

வருடத்தில் ஏழு சனிக்கிழமைகள் அவர் யாருக்கும் கிடைக்கமாட்டார். பல்கலைக்கழக மைதானத்தில் ஃபுட்பால் இருக்கும். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற எங்கள் ஃபுட்பால். வடக்குப் பக்கம், பதினேழாவது வரிசை, இரண்டு இருக்கைகள். ஒன்று அவருக்கு, ஒன்று அவர் கணவர் ராய்ஸுக்கு. இருபத்தாறு வருடமாக அதே இரண்டு. மூன்றாவது இருக்கை ஓடெல் கேட்ஸ் என்பவருடையது. நாற்பது மைல் தள்ளி கோல்டர்வில்லில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். மிஸ் வைனெல் அவித்த வேர்க்கடலை கொண்டுபோவார். ஓடெல் தன் மனைவி எர்லீன் செய்த கேக்கைக் கொண்டுவருவார். ஒருவர் வீட்டை ஒருவர் பார்த்ததில்லை, தொலைபேசி எண்கூட வாங்கிக்கொண்டதில்லை. தேவைப்படவில்லை. சனிக்கிழமை போனால் ஆள் அங்கே இருப்பார்.

அந்த வரிசைக்கு என்று ஒரு சட்டம் இருந்தது. எழுதிவைத்த சட்டம் அல்ல. நாங்கள் பச்சை, பக்கத்து மாநிலத்துப் பல்கலைக்கழகம் ஊதா. பதினேழாவது வரிசையில் ஊதாச் சட்டை உட்காரக் கூடாது. வர முடியாதவர்கள் முதலில் வரிசைக்காரர்களிடம் சொல்ல வேண்டும். வேண்டியவர் யாராவது வாங்கிக்கொள்வார், டிக்கெட்டில் போட்டிருக்கும் விலைக்கு.

ஆரம்பத்தில் ஒரு பருவத்துக்கு ஓர் இருக்கை நூற்றெண்பது டாலர். பிறகு மைதானத்துக்குப் பெரிய தொலைக்காட்சித் திரை வந்தது, பணக்காரர்களுக்குக் கண்ணாடி அறைகள் வந்தன, பயிற்சியாளரின் சம்பளம் மாநில ஆளுநர் சம்பளத்தைத் தாண்டி எங்கேயோ போனது. டிக்கெட் ஐந்நூற்று அறுபது ஆயிற்று. அதற்கு மேல், அந்த இருக்கையை வைத்துக்கொள்ள ஒவ்வொன்றுக்கும் வருடா வருடம் தொள்ளாயிரம் டாலர் நன்கொடை.

"நன்கொடைன்னா மனசாரக் குடுக்கறது," என்றாராம் ராய்ஸ், அதைக் கேட்டு வந்த கடிதத்தைப் படித்துவிட்டு. "கழுத்தப் புடிச்சு வாங்கறதுக்கு வேற பேரு இருக்கு."

"சத்தமா சொல்லாத. கேட்டுச்சுன்னா அதுக்கும் ஒரு கட்டணம் போடுவாங்க."

வரிசையில் ஆட்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். முதலில் நான்கு பிள்ளைகள் உள்ள குடும்பம், அடுத்து பாண்டு வாத்தியத்தில் வாசித்த பழைய மாணவர்கள் இருவர். பழைய முகம் என்று கடைசியில் மிஞ்சியது மூன்றுதான்: மிஸ் வைனெல், ராய்ஸ், ஓடெல்.

போன வருடம் இலையுதிர் காலத்தில் மிஸ் வைனெலுக்கு ஒரு கணக்குத் தட்டுப்பட்டது. ஊதாவோடு நடக்கும் அந்த ஓர் ஆட்டத்துக்கு இணையத்தில் ஒரு டிக்கெட் ஐந்நூற்று இருபதுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த ஓர் ஆட்டத்துக்கு மட்டும் இரண்டு டிக்கெட்டையும் விட்டுக்கொடுத்தால் அடுத்த வருட நன்கொடையில் பாதிக்கு மேல் வந்துவிடும். மற்ற ஆறு ஆட்டங்கள் கையில் இருக்கும். வரிசைக்காரர்களிடம் கேட்டால் போட்டிருக்கும் விலைக்கு, எண்பது டாலருக்குக் கொடுக்க வேண்டும். அவர் கேட்கவில்லை. சமையலறைக்குப் பின்னால், ரொட்டி வேகிற நேரத்தில், தன் போனில் தானே இரண்டையும் விற்பனைக்குப் போட்டார். பதினோரு நிமிடத்தில் விற்றுவிட்டது. வாங்கியது யார் என்று அந்தத் தளம் காட்டாது. நம்ம ஆளாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

அதற்கு முந்தின ஆட்டத்தில் ஓடெலிடம் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

"அடுத்த வாரம் நாங்க வரல, ஓடெல்."

"என்னது? ஊதாவோட ஆட்டம்! யாராவது செத்தாக்கூட அடக்கத்தத் தள்ளிப்போடுற ஆளாச்சே நீ?"

"அக்கா ஜெனீவாவுக்கு ஆபரேஷன். பித்தப்பை."

சொன்ன பிறகுதான், வாய் எவ்வளவு சுலபமாகத் திறந்தது என்று அவருக்கே தெரிந்தது. ஓடெலின் முகம் மாறிவிட்டது. "ஐயோ. எந்த ஆஸ்பத்திரி? என்னிக்கு?" என்று கேட்டார். மிஸ் வைனெல் ஆஸ்பத்திரியின் பெயரும் சொன்னார், நாளும் சொன்னார். பக்கத்தில் ராய்ஸ் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டத்தன்று இருவரும் வீட்டில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தார்கள். ஆட்டத்தின் இரண்டாவது கால் பகுதியில் ஊதாக்காரன் ஒருவன் பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டி டச்டவுன் அடித்தான். எதிர் ரசிகர்கள் குதிப்பதைக் காட்டக் கேமரா கூட்டத்தின் மேல் ஓடி, பச்சைக் கடலுக்கு நடுவே இரண்டு ஊதாச் சட்டைகளில் போய் நின்றது. ஓர் ஆணும் பெண்ணும் எழுந்து கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில், மடியில் கேக் டப்பாவோடு, ஓடெல்.

ராய்ஸ் ஒலியைக் குறைத்தார். "வைனெல்."

"பாத்துட்டேன்."

"நான் ஒண்ணும் சொல்லல."

"சொல்லாமலே இரு."

பருவத்தின் கடைசி ஆட்டம் அதற்கு அடுத்த வாரம். மிஸ் வைனெல் வழக்கத்தைவிட இரண்டு பங்கு வேர்க்கடலை அவித்துக்கொண்டு போனார். ஓடெல் எழுந்து வழிவிட்டார். ஊதாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"அக்காவுக்கு எப்படி இருக்கு? ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதா?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். என்னிடம் இதைச் சொன்னபோது மிஸ் வைனெல் அந்த இடத்தில்தான் நிறுத்தினார், உருளைக்கிழங்கு உரித்த கையோடு. "கதவத் தொறந்து வெச்சுட்டு நின்னாரு அந்த மனுஷன். நான் என்ன பண்ணேன் தெரியுமா? 'நல்லபடியா முடிஞ்சுது, கஞ்சி குடிக்கறா'ன்னேன்."

ஓடெல் தலையாட்டிவிட்டு, "சந்தோஷம்" என்றாராம்.

பிப்ரவரியில் அந்தப் பணத்தோடு மீதியையும் போட்டு இருக்கைகளைப் புதுப்பித்தார். செப்டம்பரில் முதல் ஆட்டத்துக்குப் போனபோது ஓடெலின் இருக்கையில் யாரோ ஓர் இளைஞன். இணையத்தில் வாங்கியதாகச் சொன்னான். அடுத்த ஆட்டத்தில் வேறொருவன். ஓடெல் புதுப்பிக்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. இருபத்தாறு வருடப் பழக்கத்துக்கு மிஸ் வைனெலிடம் இருந்த விலாசம் ஓர் ஊரின் பெயர் மட்டுமே. கோல்டர்வில் தபால் அலுவலகத்தில் போய் விசாரித்தார். தபால்காரரின் வீட்டைக் கண்டுபிடிக்கவா சிரமம்.

கதவைத் திறந்தது எர்லீன்.

"நான் வைனெல். மைதானத்துல ஓடெல் பக்கத்துல..."

"ஓ. வேர்க்கடலை." எர்லீன் கதவை முழுவதும் திறக்கவில்லை. "உங்க அக்கா எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்கா."

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம். எங்க சபை ஜெபப் பட்டியல்ல அவங்க பேரு பத்து மாசமா இருக்கு. ஜெனீவா, பித்தப்பை. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போதகர் வாசிக்கிறாரு. ரெண்டு அம்மா உபவாசம் இருந்தாங்க."

பிறகுதான் வழிவிட்டார். உள்ளே குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு படம் ஒட்டியிருந்தது. ஓடெல் சிரித்துக்கொண்டிருக்கிறார், பக்கத்தில் இரண்டு ஊதாச் சட்டைகள்.

ஓடெல் சமையலறை மேசையிலிருந்து எழுந்திருக்கவில்லை. "போன வருஷந்தான் கடைசின்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டேன்," என்றார். "அடுத்த வருஷம் கட்ட முடியாது. ஊதாவோட ஆட்டத்தன்னிக்கு நம்ம மூணு பேரும் ஒரு படம் எடுத்துக்கணும்னு கேமராவெல்லாம் கொண்டுவந்தேன். சொல்லாம வெச்சிருந்து கடைசியில சொல்லலாம்னு."

"ஓடெல், அக்காவுக்கு ஆபரேஷனே இல்ல. நான் டிக்கெட்ட வித்தேன்."

"தெரியும். அந்த ஆளு உட்கார்ந்த உடனே சொல்லிட்டான். ஐந்நூத்து இருபது குடுத்தானாம். நல்ல மனுஷன். எர்லீன் செஞ்ச கேக்குல ரெண்டு துண்டு தின்னான்."

"அப்புறம் ஏன் அக்காவப் பத்திக் கேட்டீங்க?"

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன்."

"அந்த விலைக்கு யாரா இருந்தாலும்..."

"நானும் வித்திருப்பேன்," என்றார் ஓடெல். "உங்கிட்ட சொல்லிட்டு வித்திருப்பேன்."

எர்லீன் அடுப்பைத் துடைத்துக்கொண்டே பேசினார். "உங்க ரெண்டு பேர் விஷயம் உங்களோட. ஆனா அந்தப் பேர நான் பட்டியல்லேர்ந்து எடுக்க மாட்டேன். இவரு பொய்னு தெரிஞ்சும் வாயத் தொறக்கல, எனக்கே போன வாரந்தான் சொன்னாரு. எழுதவெச்சவங்களே வந்து எடுக்கட்டும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மிஸ் வைனெல் என்னையும் கூட வரச் சொன்னார். ராய்ஸுக்கு முட்டிவலி, காரில் நெடுநேரம் உட்கார முடியாது. தனியாகப் போனால் பாதி வழியில் திரும்பிவிடுவேன் என்று பயந்தார்.

போதகர் பட்டியலை வாசித்து ஜெனீவாவிடம் வந்ததும் மிஸ் வைனெல் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தார். "ஐயா, அது என் அக்கா. அவளுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல, எப்பவும் இல்ல. ஃபுட்பால் டிக்கெட்ட வித்துட்டு, அத மறைக்க நான் சொன்ன பொய் அது. நீங்க எல்லாரும் ஜெபம் பண்ணீங்க. என்ன மன்னிச்சிடுங்க."

முன்வரிசையில் தொப்பி போட்ட ஓர் அம்மா மெதுவாகத் திரும்பினார்.

"எந்த ஆட்டத்த வித்தீங்க?"

"ஊதாவோட ஆட்டம்."

"யாருக்கு?"

மிஸ் வைனெல் ஒரு கணம் கண்ணை மூடினார். "ஊதாக்காரங்களுக்கு."

பொய்க்கு எழாத முனகல் இதற்கு எழுந்தது. பின்னாலிருந்து ஒரு குரல், "கர்த்தாவே, இரக்கமாயிரும்" என்றது. சிலர் சிரித்துவிட்டார்கள். ஓடெல் சிரிக்கவில்லை. பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்திருந்தார்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் மிஸ் வைனெல் அவரைப் பிடித்தார். "சனிக்கிழமை ராய்ஸ் வரமாட்டாரு. அவரு சீட்டுல வந்து உட்காருங்க, ஓடெல். இனிமே எல்லா ஆட்டத்துக்கும்."

"என் சீட்டுல வேற எவனோ உட்கார்ந்திருக்கறத பக்கத்துலயே இருந்து பாக்கச் சொல்றியா?"

ஓடெல் கார்க் கதவைத் திறந்தார், மறுபடி மூடினார். "பன்னெண்டு மணிக்கு ஆட்டம். எங்க வீட்லயும் டிவி இருக்கு" என்றார். அது அழைப்பா, வெறும் தகவலா என்று எனக்குத் தெரியவில்லை. மிஸ் வைனெலும் கேட்டுத் தெளிந்துகொள்ளவில்லை.

அந்தச் சனிக்கிழமை பதினேழாவது வரிசையில் இரண்டு இருக்கைகள் காலியாகக் கிடந்தன. வீட்டில் யாருக்காவது கொடுத்திருக்கலாம், விற்றிருந்தால் இருநூறு டாலராவது வந்திருக்கும். அவர் போனைத் தொடவில்லை. கோல்டர்வில்லில் ஓடெலின் கூடத்தில், சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தார். ஓடெல் ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசினார். பாதி ஆட்டத்தில் எர்லீன் ஐஸ் போட்ட டீயைக் கொண்டுவந்து மிஸ் வைனெலின் முன்னால் வைத்தார். ஒரு துளி சர்க்கரை இல்லை. எங்கள் பக்கத்தில் விருந்தாளிக்கு யாரும் அப்படிக் கொடுப்பதில்லை.

மிஸ் வைனெல் அதை முழுவதும் குடித்தார்.