தந்தி வரும்வரை நேற்றைய விலை

என் அலமாரியின் கீழ்த்தட்டில், நாட்குறிப்புகளுக்குப் பக்கத்தில், ஒரு பழைய துண்டு மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. நான்கு முழக் கைத்தறித் துண்டு. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்தது. ஓரத்தில் அரக்கு நிறக் கரை. நடுவில் ஒரு சாண் அளவுக்கு இழை விலகி, ஏதோ கனமான பொருளைத் தாங்கிய அடையாளம் தெரியும். தூத்துக்குடியில் முத்துத் தரகராக இருந்த என் மாமனாரின் துண்டு அது.

முத்து வியாபாரத்தில் விலையை வாயால் பேசமாட்டார்கள். வாங்குபவரும் விற்பவரும் எதிரெதிரே உட்கார்ந்து, இருவர் கைமேலும் ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். துண்டுக்கு அடியில் ஒரு விரலைப் பிடித்தால் நூறு, முழுக் கையைப் பற்றினால் ஆயிரம். சுற்றி இருபது பேர் நின்றாலும் யாருக்கும் விலை தெரியாது. பேரம் படிந்தால் மணிக்கட்டை ஒருமுறை அழுத்துவார்கள். அதோடு முடிந்தது, பிறகு யாரும் வார்த்தை மாறமாட்டார்கள். என் மாமனார் முப்பது வருடம் இப்படி அடுத்தவர் கைகளைப் பிடித்துப் பிழைத்தவர். அவருடைய கை எப்போதும் உலர்ந்தே இருக்கும். வேர்க்கிற கை வியாபாரத்துக்கு ஆகாது என்பார்.

நான் அவர் மகளைக் கட்டியபோது முத்துக்குளிப்பு நின்று பல வருடமாகியிருந்தது. கையிருப்பாகக் கொஞ்சம் முத்து மட்டும் வைத்திருந்தார். 1942 ஏப்ரலில் கொழும்பில் குண்டு விழுந்ததும் ஊரில் பாதிப்பேர் வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்நாட்டுப் பக்கம் போனார்கள். அந்தக் கலவரத்தில்தான் அவர் முத்தை விற்று வெள்ளி வாங்கத் தொடங்கினார். "முத்துக்கு வாங்குதவன் கண்ணுதான் வெல. வெள்ளிக்குத் தராசு போதும்" என்று காரணம் சொன்னார். விலை ஏறும் நாளில் வெள்ளிக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். இறங்கும் நாளில் போவார். எல்லோரும் விற்க வந்து நிற்கும்போது, இவர் ஒருவர் மட்டும் வாங்க வந்திருப்பார். மூன்று வருடத்தில் ஆறு கட்டிகள் சேர்ந்தன. ஒவ்வொன்றும் செங்கல்லைவிடச் சிறியது. ஆனால் தூக்க இரண்டு கையும் வேண்டும். அடுக்களையில் தண்ணீர்ப் பானையை வைக்க மணல் பரப்பியிருந்தார்கள். அந்த ஈர மணலுக்கு அடியில் ஆறும் கிடந்தன.

அவை எதற்காக என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒரே மகன், என் மைத்துனன், யார் யாருடைய தோணியிலோ கூலிக்குக் கொழும்பு போய் வந்துகொண்டிருந்தான். அவனுக்குச் சொந்தமாக ஒரு தோணி வேண்டும். 1945 தொடக்கத்தில் தோணி கட்டும் ஓடாவி ஒருவரை அமர்த்தி, கடற்கரையில் வேலை ஆரம்பித்தார். ஆடி மாதத்துக்குள் அடிமரமும் விலாக்கட்டைகளும் எழும்பிவிட்டன. பக்கப் பலகை அடிக்க வேண்டியதுதான் பாக்கி. பலகை கொல்லத்திலிருந்து வர வேண்டும். ஆடிக் காற்று ஓய்ந்து தோணிகள் பாய் விரிக்கும் காலத்துக்குள் கடலில் இறக்கிவிடலாம் என்பது திட்டம். அந்தப் பலகையும் பாயும் கயிறும் நங்கூரமும் எல்லாம் பானைக்கடியில் வெள்ளியாக இருந்தன. வெள்ளி இறங்கினால் தோணி குறையும். கணக்கு அவ்வளவுதான்.

இதில் என் இடம் என்னவென்று சொல்ல வேண்டும். நான் தந்தி ஆபீசில் குமாஸ்தா. பம்பாய் வெள்ளி விலை தினமும் முற்பகலில் எங்கள் கருவியில்தான் வந்து இறங்கும். வெள்ளிக்கடை அண்ணாச்சியின் பெயருக்கு வரும் தந்தி அது. நான் காதால் கேட்டு எழுதி உறையிலிட, சேவகன் அதை மற்றத் தந்திகளோடு சேர்த்துச் சைக்கிளில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுப்பான். அதற்கு அரைமணி நேரம் ஆகும். தந்தி வரும்வரை நேற்றைய விலை என்பது கடையின் வழக்கம். ஆகவே அந்த அரைமணி நேரத்துக்கு இந்த ஊரில் புது விலை தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதை யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்து வேலையில் சேர்ந்தவன். அந்த நாட்களில் வந்த விலைகளை இந்தக் குறிப்பிலும் நான் எழுதப்போவதில்லை. அவை எனக்கு வந்த தந்திகள் அல்ல.

ஊர் சும்மா விடுமா? காப்பிக் கடையில் உட்கார்ந்தால், "ஏலே தந்தி, நீ வாயத் தொறக்காண்டாம். ஏறுனா தோச தின்னு, எறங்குனா இட்லி தின்னு. நாங்க புரிஞ்சிக்கிடுதோம்" என்பார்கள். நான் காப்பியோடு எழுந்து வந்துவிடுவேன். என்னிடம் ஒருநாளும் விலை கேட்காதவர் என் மாமனார் மட்டும்தான். மதியச் சாப்பாட்டுக்கு நான் வீட்டுக்கு வரும்போது பல நாட்கள் அவர் வந்து உட்கார்ந்திருப்பார். "வாரும் மாப்ள, கையக் குடும்" என்று என் வலக்கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் பேசுவார். மகளைக் கொடுத்த பாசம் என்று நினைத்திருந்தேன்.

அந்த வருடம் சித்திரையில் ஒருநாள் என் மனைவி சோறு போட்டுக்கொண்டே சிரித்தாள். "எங்கப்பா ஒங்க கையப் பிடிச்சிட்டுப் போற அன்னைக்கெல்லாம் நேரே வெள்ளிக்கடைக்குத்தான் போறாவ, பாத்தியளா?"

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். நான் பாதிச் சோற்றில் எழுந்தேன். என் நாட்குறிப்பை எடுத்துத் தேதி தேதியாகப் பார்த்தேன். அவர் கட்டி வாங்கிய ஆறு நாட்களில் நான்கு நாள், மதியம் அவர் என் வீட்டுக்கு வந்திருக்கிறார். அந்நேரத்துக்குத் தந்தி கடைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், விலை ஊருக்கே தெரிந்திருக்கும், அதனால் குற்றம் ஏதுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் விலை இறங்கிய நாட்களில் வேர்த்திருந்த என் உள்ளங்கை அவரோடு பேசிக்கொண்டிருந்ததோ என்ற பயம் போகவில்லை. அதே மாதம் ஆபீசுக்கு ஒரு மொட்டைக் கடுதாசி வந்தது. பம்பாய் விலை கசிகிறது, குமாஸ்தாவின் மாமனார் வெள்ளி வாங்குகிறவர் என்று எழுதியிருந்தது. எங்கள் ஆபீசின் மேலதிகாரியான தலைமை மாஸ்டர் என்னை அழைத்து அதைக் காட்டினார். திட்டவில்லை. மேசைக் கண்ணாடிக்கு அடியில் நானும் பார்க்கும்படி அதை வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து மாமனார் வரும்போதெல்லாம் நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவரும் கையைக் கேட்பதை நிறுத்திவிட்டார்.

ஆகஸ்ட் பத்தாம் தேதி, வெள்ளிக்கிழமை. ஜப்பான் சரணடையச் சம்மதித்துவிட்டதாக ரேடியோச் செய்தி பரவியது. நம்பியவர்கள் பாதி, நம்பாதவர்கள் பாதி. மறுநாள் காலை கருவி வழக்கத்தைவிட முன்னதாகவே தட்டத் தொடங்கியது. அண்ணாச்சிக்கான தந்தியை எழுதும்போது, எண்ணைத் தவறாகக் கேட்டுவிட்டேனோ என்று மறுபடி அனுப்பச் சொன்னேன். அதே எண் திரும்பி வந்தது. அப்படியொரு இறக்கத்தை நான் எழுதியதே இல்லை. ஒவ்வொரு எழுத்தாக எழுத எழுத, கடற்கரையில் நிற்கும் அந்த விலாக்கட்டைகள் ஒவ்வொன்றாகச் சாய்வது போலிருந்தது.

நிமிர்ந்து பார்த்தால் கம்பிக் கூண்டுக்கு அந்தப்பக்கம் மாமனார் நிற்கிறார். கொல்லத்து மரக்கடைக்குப் பலகை அனுப்பச் சொல்லித் தந்தி கொடுக்க வந்திருந்தார். முன்பணமும் மடியில் இருந்தது. "இத அனுப்பிரும் மாப்ள" என்று படிவத்தை நீட்டினார்.

எனக்குப் பின்னால் தலைமை மாஸ்டரின் நாற்காலி கிறீச்சிட்டது. என் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரியும். வெள்ளிக்கடை நான்கு கடை தள்ளி இருந்தது. நேற்றைய விலை இன்னும் அரைமணி நேரம் நிற்கும். ஆறு கட்டியையும் ஒரு கைவண்டியில் போட்டுக் கொண்டுவந்தால் தோணி பிழைத்துவிடும். கூண்டின் அடித் திறப்பு வழியாக, படிவத்தை வாங்குவதுபோல் வலக்கையை நீட்டினேன். படிவம் என் கைக்கு வந்த பிறகும் கையை உள்ளே இழுக்கவில்லை. நான்கு மாதக் கூச்சத்தையும் சத்தியத்தையும் விட்டு, பிடியுங்கள் என்று அந்தக் கை நின்றது.

அவர் என் கையைப் பார்த்தார். தொடவில்லை. தோளிலிருந்த துண்டை எடுத்துத் தன் வலக்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார். அந்தச் சுற்றிய கையாலேயே படிவத்தை என் விரலிடுக்கிலிருந்து உருவினார்.

"இன்னைக்கு அனுப்பாண்டாம். நீரு உள்ள போயி வேலையப் பாரும்."

அடுத்து நடந்ததைத் தந்தி கொண்டுபோன சேவகன்தான் வந்து சொன்னான். அவன் வெள்ளிக்கடையில் சைக்கிளைச் சாய்க்கும்போது மாமனார் பலகைப் பணத்தை எண்ணிக் கொடுத்து முடித்திருந்தார். நேற்றைய விலைக்கு ஏழாவது கட்டி. அதைத் துண்டில் முடிந்து தோளில் போட்டபோதுதான் அண்ணாச்சி உறையைப் பிரித்திருக்கிறார். கடையில் இருந்தவர்கள் உறையையும் அவர் தோளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு சிரிப்பு.

"என்ன வேய், தந்தி ஆபீசுல மருமவன வச்சிக்கிட்டு இப்படி ஏமாந்து போறீரே! ஒரு சாடகூடக் காட்டலியா அவரு?" என்று அண்ணாச்சி கேட்டாராம்.

"அவரு சம்பளம் வாங்குதது சர்க்கார்கிட்ட. எங்கிட்டயா வாங்குதாரு?" என்று சொல்லிவிட்டு மாமனார் தெருவில் இறங்கியிருக்கிறார். தோள் ஒருபக்கம் சரிந்து, கடைத்தெரு முழுக்கப் பார்க்க, நடந்தே வீட்டுக்குப் போனார்.

சேவகன் இதை நடித்துக் காட்டினான். ஆபீசே சிரித்தது. தலைமை மாஸ்டர் கண்ணாடியைத் தூக்கி மொட்டைக் கடுதாசியை எடுத்து, நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார். "ஒம்ம மாமனார் பெரிய வியாபாரிதான், போம்" என்றார். நானும் சிரிக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. நீட்டிய கையே அவருக்குப் போதுமான தந்தி; விலை ஏறியிருந்தால் அந்தக் கை நீண்டிருக்காது. தெரிந்துகொண்டபின் விற்றிருந்தால் என் வேலை போயிருக்கும். வாங்காமல் சும்மா போயிருந்தாலும் சந்தேகம் தீர்ந்திருக்காது. ஊர் பார்க்க நஷ்டப்பட்டால்தான் தீரும்.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். மாமனார் அடுக்களையில் குந்தி, பானைக்கடியில் மணலைத் தட்டிக்கொண்டிருந்தார். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைப் பார்த்தார்.

"ஏழாவது. இப்பந்தான் பானை ஆடாம நிக்கி" என்றார் மாமனார்.

"எனக்குத் தோணி கட்டுதேன்னுட்டு எங்கப்பா பானைக்கு முட்டுக் குடுத்திருக்காவ" என்றான் மைத்துனன் வாசலிலிருந்து. உண்மையைச் சொல்ல அந்த வீட்டில் இரண்டு பேர் இருந்தோம். இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை. அந்த நாளுக்கான என் நாட்குறிப்பில், 'மாமா ஆபீசுக்கு வந்தார், தந்தி கொடுக்கவில்லை' என்று மட்டும் இருக்கிறது.

விலை மேலும் இறங்கியது. அவர் ஒரு கட்டியைக்கூட விற்கவில்லை. ஓடாவி வேம்பாரில் வேறு வேலை கிடைத்துப் போனார். மறுவருடம் வெள்ளி ஏறத்தான் செய்தது. இழந்ததெல்லாம் திரும்பி, மேலும் கொஞ்சம் வந்தது. ஆனால் அதற்குள் ஒரு கோடை வெயில் விலாக்கட்டைகளை வாய்பிளக்க வைத்திருந்தது. மைத்துனன் கொழும்பில் ஒரு மளிகைக் கடையில் நின்றுவிட்டான். தோணிக்கென்று அவனை அழைத்தபோது வரவில்லை. வெள்ளி கெடாமல் காத்திருந்தது. மரமும் மனிதனும் அப்படிக் காத்திருக்கவில்லை. கட்டைகள் விறகு விலைக்குப் போயின.

1948இல் எனக்கு மதுரைக்கு மாற்றலாயிற்று. ரயிலடிக்கு மாமனார் வந்திருந்தார். மூன்று வருடமாக அவர் என் கையைத் தொட்டதில்லை. ஜன்னலோரம் நின்று, தண்ணீர்ச் செம்பு எடுத்து வைத்தாயிற்றா என்று மகளிடம் கேட்டுக்கொண்டிருந்தார். வண்டி ஊதியதும் தோளிலிருந்த துண்டை எடுத்து ஜன்னல் கம்பி மேல் போட்டார். அதற்கடியில் என் கையைத் தேடிப் பிடித்தார். எந்த விரலையும் பிடிக்கவில்லை. மணிக்கட்டை ஒருமுறை அழுத்தினார். வண்டி நகர்ந்தது, துண்டு என் மடியில் விழுந்தது.

இன்று வெள்ளி விலையை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வானொலி சொல்லிவிடுகிறது. காலையில் கேட்டேன். இறங்கியிருக்கிறதாம். என்னிடம் ஒரு குன்றிமணி வெள்ளி கிடையாது. எழுந்துபோய் அலமாரியைத் திறந்து அந்தத் துண்டை எடுத்து, என் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டேன்.