தம்பியைப் பார்த்துப் போட்ட புருவம்

இலங்கை மலையகத்தில், ராகலைக்கு மேலே இருந்த ஒரு தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையில் அழகுமுத்துவுக்கு அடுப்படி வேலை. கொழுந்தைக் காயவைக்கும் இயந்திரத்துக்குச் சூடு கொடுக்கும் பெரிய அடுப்பு அது. 2005 மாசியில் ஒருநாள், விறகு எரியாமல் புகைகிறதே என்று அதன் இரும்புக் கதவைத் திறந்தார். உள்ளே அடைபட்டுக் கிடந்த நெருப்பு ஒரே வீச்சில் வெளியே பாய்ந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டதால் பார்வை தப்பியது. நெற்றி வெந்துபோனது, மீசையும் புருவமும் பொசுங்கின. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மீசை மறுபடி முளைத்தது, புருவம் முளைக்கவில்லை. அந்த இடத்தில் பளபளவென்று இரண்டு தழும்புகள்தான் மிஞ்சின.

அப்போது அவருக்கு நாற்பத்தொரு வயது. புருவம் போனதால் என்ன குறைந்துவிடப் போகிறது என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் நெற்றி வியர்வை நேராகக் கண்ணுக்குள் இறங்கியது. லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் அவரைக் கண்டால் ஒதுங்கின. "நீங்க பகிடிக்குச் சொல்றீங்களா, கோவத்துல சொல்றீங்களான்னே தெரியல" என்றாள் மனைவி பேச்சியம்மா. கண் மைப் பென்சிலால் அவளே புருவம் வரைந்துவிட்டாள். அடுப்புக்கு முன்னால் நின்ற அரை மணியில் அது உருகிக் கன்னத்தில் வழிந்தது. அன்றோடு அதை விட்டுவிட்டார்.

2007இல் இருவரும் மகளைப் பார்க்கக் கொழும்புக்குப் போனார்கள். அவள் அங்கே ஒரு துணிக்கடையில் வேலை செய்தாள். யுத்தக் காலம். வழியில் சோதனைச் சாவடியில் எல்லாரையும் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். பொலிஸ்காரர் அடையாள அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"மே ஒயாத?" இது நீதானா என்று கேட்டார்.

அழகுமுத்து தனக்குத் தெரிந்த சிங்களத்தில் நெருப்புக் கதையைச் சொன்னார். பொலிஸ்காரர் நம்பவில்லை. பஸ் போய்விட்டது. தோட்டத்துப் பெரிய கிளாக்கரிடம் தொலைபேசியில் விசாரித்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துத்தான் விட்டார்கள். அடுத்த பஸ்ஸில் ஏறியதும் பேச்சியம்மா சொன்னாள்: "நுவரெலியாவுல ஒரு பொண்ணு புருவம் பச்ச குத்துதாம். நீங்க வர்றீங்க."

அந்தப் பெண் பெயர் பிரேமினி. குவைத்தில் ஒரு அழகு நிலையத்தில் ஆறு வருசம் வேலை செய்துவிட்டு வந்து, மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் சொந்தமாகக் கடை போட்டிருந்தாள்.

"ஆம்பளைக்கு நான் இன்னும் போட்டதில்லண்ணே. ஆனா போடலாம்" என்று ஆல்பத்தை நீட்டினாள்.

வில்லாக வளைந்தவை, நூலாக மெலிந்தவை, ஒவ்வொரு முடியாகக் கீறியவை. எல்லாம் பெண்களின் புருவங்கள். அழகுமுத்து கடைசிப் பக்கம்வரை பார்த்துவிட்டு மூடினார். "இதப் போட்டுக்கிட்டுப் போனா நாளைக்கி பொம்பளைங்க மாதிரி என் தலையிலயும் கொழுந்துக் கூடைய மாட்டிருவாங்க."

பிரேமினி சிரித்துவிட்டுப் பழைய போட்டோ கேட்டாள். அட்டையில் இருந்த படம் விரல் நகமளவு, கல்யாணப் படமோ பூஞ்சணம் பிடித்தது. யோசித்த பேச்சியம்மா, "இவுங்க தம்பிக்கு அச்சு அசல் இதே புருவந்தான்" என்றாள்.

"அப்ப அவரையும் கூட்டிட்டு வாங்க."

அடுத்த ஞாயிறு மூக்கன் வந்தான். ராகலையில் மரக்கறித் தோட்டத்தில் வேலை செய்பவன், அண்ணனுக்கு இரண்டு வயது இளையவன். இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, தலைமுடி வெட்டக் காத்திருந்த பெண்களுக்கு நடுவே கூசிக்கொண்டு உட்கார்ந்தான். பிரேமினி இருவரையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருத்தி, மூக்கனைப் பார்த்துப் பார்த்து அழகுமுத்துவின் தழும்புமேல் பென்சிலால் வரைந்தாள். ஒரு பக்கம் முடி முடியாக, மறுபக்கம் நிழல்போல நிரப்பி.

"தழும்புத் தோல்ல மெல்லிசுக் கோடு நிக்காதுண்ணே, பரவிரும். நிழல்தான் நல்லது. உங்க தம்பிக்கு நடுவுல புருவம் சேர்ற மாதிரி இருக்குல்ல, அத விட்டுட்டு, கீழ்ப் பக்கத்தையும் ஒழுங்கா எடுத்துத் தர்றேன்."

கண்ணாடியில் தன்னையும் தம்பியையும் அழகுமுத்து வெகுநேரம் பார்த்தார்.

"ஒழுங்கா வேணாம்மா. ஒழுங்கா இருந்தா வரைஞ்சதுன்னு தெரிஞ்சிரும். இவனுக்கு இருக்கிற மாதிரியே கலைஞ்சாப்புல போடு."

"அப்ப எடது புருவத்துல ஒரு வெட்டு இருக்கே, அது?"

"அது சின்னதுல இவன் மரத்துல இருந்து விழுந்தது. எனக்கு எதுக்கு?"

கடைசியில் நிழல் போடுவதென்றும், ஓரத்தில் மட்டும் ஒழுங்கில்லாமல் நாலைந்து முடி கீறுவதென்றும் முடிவானது. ஊசி பட்டபோது தழும்பில் உணர்வில்லை, சுற்றியிருந்த தோல்தான் எரிந்தது. அழகுமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். பார்த்துக்கொண்டிருந்த மூக்கனுக்குத்தான் தலை சுற்றியது. தேத்தண்ணி குடிக்கப் போகிறேன் என்று எழுந்தவன், எல்லாம் முடிந்த பிறகே வந்தான்.

முதல் வாரம் புருவம் கரியாக அப்பிக் கிடந்தது. சூட்டில் நிற்கக் கூடாது என்று பிரேமினி சொல்லியிருந்ததால், தூள் சலிக்கும் பகுதியில் வேலை கேட்டு வாங்கினார். அங்கிருந்த பெண்கள் கேலி செய்தே பொழுதைப் போக்கினார்கள். பொருக்கு உதிர்ந்தபோது வலது புருவம் நன்றாகப் பிடித்திருந்தது, இடது திட்டுத் திட்டாக இருந்தது. ஆறு வாரம் கழித்து மறுபடி போய்ச் சரிசெய்துகொண்டார். அதன்பின் கொழும்புக்கு நாலு தடவை போய்வந்தார். அட்டையைக் காட்டச் சொன்னார்கள், பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

வியர்வையை மட்டும் அந்தப் புருவம் தடுக்கவில்லை. அடுப்படி வேலைக்குத் திரும்பியபோது நெற்றியில் துவாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டார்.

2009இல் மூக்கனின் புருவம் அங்கங்கே நரைக்கத் தொடங்கியது. அண்ணனுடையது கறுப்பாகவே இருந்தது. கடைத்தெருவில் இருவரையும் சேர்த்துப் பார்த்த பிரேமினி நின்று கேட்டாள்: "கொஞ்சம் சாம்பல் நெறம் கலந்து விடட்டுமாண்ணே?"

"அவனுக்கு முழுசா நரைக்கட்டும்மா. அப்பறம் பாத்துக்கலாம்" என்றார் அழகுமுத்து. மூக்கனுக்கு முகம் சுருங்கிவிட்டது.