முட்டைப்பெட்டிக்கு ஒரு மெத்தை

தையல்காரிக்கு வாய் கொஞ்சம் நீளம். தன் கோழிகளுக்குச் செள்ளுப் பூச்சி பிடித்ததும், பக்கத்து வீட்டுக் கோழிகள்தான் கொண்டுவந்தன என்று சுவரோரம் நின்று ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டாள். பக்கத்து வீட்டுப் பெண் தன் கோழிகளுக்குத் தீனி போட்டபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் கூண்டைக் கழுவும்போது, முட்டையிடும் பெட்டியில் போட்டிருந்த மெத்தையை எடுத்தாள். வெட்டுத்துணியில் அவளே ஆசை ஆசையாகத் தைத்தது. தையலைப் பிரித்தால், மடிப்புக்கு மடிப்பு செள்ளு மொய்த்தது.

போன மாதம் இதே பெட்டியில் கிடந்த பழைய மெத்தையைத் துவைக்காமலே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தது ஞாபகம் வந்தது. முகத்தில் ஈயாடவில்லை.

அப்போது சுவருக்கு மேலே ஒரு கை வேப்பெண்ணெய்ப் புட்டியை நீட்டியது.

"இதைத் தடவுங்கக்கா, நல்லாக் கேக்கும். நீங்க மெத்தை கொடுத்ததுலேருந்து நாங்களும் இதைத்தான் தடவுறோம்."