பொம்மைக்கும் இறுக்கமாக

ஊசி பிடிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திண்டுக்கல் வெங்காய மண்டியில் மூட்டைக்கு வாய் தைப்பது என் வேலை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு வந்து கோணி ஊசியை எடுத்தவன், இன்னும் கீழே வைக்கவில்லை. அதனால்தான் என் மகளின் பொம்மைக்கு ஒரு கைச்சட்டை தைக்க வேண்டும் என்று வந்தபோது, மண்டியிலிருந்து வந்து காப்பி குடிப்பதற்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

மகளுக்கு ஆறு வயது. சோறு வடித்த கஞ்சி கொதிக்கக் கொதிக்க அவளுடைய இடது கையில் கொட்டிவிட்டது. முழங்கைக்கு மேலிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோனது. ஒருவழியாகப் புண் ஆறியது. ஆறிய பிறகுதான் பெரிய வேலையே இருக்கிறது என்றார், ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி கொடுக்கும் அம்மா. இழுத்தால் நீண்டு, விட்டால் கவ்விக்கொள்ளும் துணியில் செய்த உறை இரண்டைக் கொடுத்தார்.

"பகல் ராத்திரி ரெண்டு நேரமும் இது கையிலேயே இருக்கணும். குளிக்க, எண்ணெய் தடவ மட்டும் கழட்டுங்க. போடாம விட்டீங்கன்னா தழும்பு தடிச்சு, முழங்கையைப் பிடிச்சு இழுத்துக்கும். அப்புறம் கை நீட்ட வராது."

எனக்கும் மனைவிக்கும் நன்றாகப் புரிந்தது. மகளுக்குப் புரியவில்லை. "இறுக்குது" என்பாள். அதற்கு மேல் பேச்சு இல்லை.

மனைவிக்கு வேடசந்தூர் பக்கம் நூல் மில்லில் வேலை. மதியத்துக்கு மேல் ஷிப்ட் என்றால் மில் பஸ் தெருமுனைக்கு வந்து ஹாரன் அடிக்கும். அம்மா ஏறிப் போன சத்தம் கேட்டதும் மகள் உறையை உருவி எங்காவது ஒளித்து வைப்பாள். அரிசி டிரம்முக்குள் கிடக்கும், உரலுக்குள் கிடக்கும். ஒரு நாள் வீடு முழுக்கத் தேடிக் கிடைக்காமல், மறுநாள் மண்டியில் பீடி எடுக்கக் கைவிட்டபோது என் சட்டைப் பையிலேயே இருந்தது. சிரிப்பு வந்தது. ஆனால் அன்று மாலை அவள் வாசலில் நின்றதைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. வலது கை நேராகத் தொங்கியது. இடது கை முழங்கையில் லேசாக மடிந்தே நின்றது.

கெஞ்சிப் பார்த்தேன். "என்ன செஞ்சா போடுவ ஆத்தா?" என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள். "பாப்பாவுக்குப் போடு. பாப்பா போட்டா நானும் போடுறேன்."

பாப்பா என்பது அவளுடைய பொம்மை. பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கியது. படுக்க வைத்தால் கண்ணை மூடும்.

என் பழைய பனியனில் ஒரு துண்டை வெட்டினேன். குழாய் மாதிரி சுருட்டித் தைத்து, பொம்மையின் கையில் மாட்டிவிட்டேன். மகள் வந்தாள். உறைக்குள் இரண்டு விரலை விட்டு ஆட்டினாள்.

"லூசா இருக்கு."

"பொம்மைக்கு இது போதும்டா."

"எனக்கு மட்டும் இறுக்கமா, அதுக்குச் சும்மாவா? ஏமாத்துற நீ."

அவள் சொன்னது நியாயம்.

மனைவியிடம் சொன்னேன். "லெக்கின்ஸ் துணி வாங்கிட்டு வாங்க. அதுதான் அப்பிடிப் பிடிக்கும்" என்றாள்.

"நீ வாங்கிட்டு வாயேன்."

"எனக்கு ஞாயித்துக்கெழமைதான் லீவு. அதுவரைக்கும் அவ கை மடங்காம காத்துக்கிட்டு இருக்குமா?"

போனேன். கடைவீதியில் அந்தக் கடையைத் தாண்டி இரண்டு தடவை நடந்தேன். உள்ளே எல்லாம் பெண்கள். மூன்றாம் தடவை கடைக்காரப் பெண்ணே கூப்பிட்டுவிட்டார்.

"வாங்கண்ணே, என்ன பார்க்கணும்?"

"லெக்கின்ஸ்."

"யாருக்கு?"

"வீட்டுக்கு."

"அக்காவுக்கா? என்ன சைசுண்ணே?"

"ரொம்பச் சின்னது."

"அக்கா அம்புட்டு ஒல்லியா?" என்றார். துணி பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"எந்தச் சைசா இருந்தாலும் சரிம்மா."

"நல்லா இருக்கே கதை! அளவு தெரியாம வாங்கிட்டுப் போயி, அக்கா ஏசுதுன்னு நாளைக்கு மாத்த வந்து நிக்கக் கூடாது. சொல்லிப்புட்டேன்."

அத்தனை பேர் நடுவில் பொம்மைக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தோல் நிறத்தில் ஒன்றைக் காட்டி, வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தத் துணி எனக்குப் படிய மறுத்தது. வெட்டிய ஓரம் வெயிலில் போட்ட வாழை இலை மாதிரி சுருண்டுகொண்டது. முதல் துண்டை நீளவாக்கில் வெட்டித் தைத்தேன். பொம்மையின் கட்டைவிரலைத் தாண்டவில்லை. துணியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது அகலவாக்கில்தான் நன்றாக நீளும். நன்றாக நீளும் பக்கம் கையைச் சுற்றி வருகிற மாதிரி திருப்பி வெட்டினேன்.

அடுத்ததில் என் கைவேலையைக் காட்டினேன். சாக்கு தைக்கும்போது ஒவ்வொரு தையலையும் சுண்டி இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் சரக்கு கொட்டும். அதே மாதிரி சுண்டிச் சுண்டி நேராகத் தைத்தேன். தையல் எறும்பு வரிசை மாதிரி அழகாக இருந்தது. மாட்டுவதற்கு இழுத்தேன். படபடவென்று நூல் அறுந்தது. அறுந்த வேகத்தில் பொம்மையின் கை தோளிலிருந்து கழன்று என் கையோடு வந்துவிட்டது.

மகள் வாயைப் பிளந்து பார்த்தாள். "அப்பா, பாப்பாவுக்கு ஆபரேசனா?" என்று கேட்டுவிட்டு, பாயில் விழுந்து சிரித்தாள். கஞ்சி கொட்டிய பிறகு அவள் அப்படிச் சிரித்தது அன்றுதான்.

சிரித்து முடித்ததும், "இன்னும் பாப்பா போடல" என்றாள். அவளும் போடவில்லை.

நூலை இரட்டையாகக் கோத்துத் தைத்தேன். இப்போது நூல் அறவில்லை. ஊசி குத்திய இடத்தில் துணி கிழிந்தது.

மறுநாள் மண்டியில் வலை மூட்டை. வெங்காயத்துக்குக் காற்றுப் போக வேண்டும் என்று இப்போது வலைப் பையில்தான் நிறைய சரக்கு போகிறது. அதற்குச் சாக்குத் தையல் ஆகாது. லாரியில் தூக்கிப் போடும்போது வலை வயிறு உப்பும். வாயும் கூடவே விரியும். அதனால் கயிற்றை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துச் சாய்த்து, கொஞ்சம் தளர விட்டே தைப்போம். விரியும்போது அந்தத் தளர்ச்சியைக் கயிறு எடுத்துக்கொள்ளும். இதை நான் எத்தனையோ வருடமாகச் செய்கிறேன். அன்றைக்குத்தான் என் கையையே உற்றுப் பார்த்தேன்.

மூட்டை தூக்குகிறவர் சத்தம் போட்டார். "என்னப்பா, ஊசியைப் பிடிச்சுக்கிட்டுத் தவம் இருக்க? லாரி நிக்குதுல்ல!"

"வாரேன், வாரேன். ஒரு கணக்குப் போட்டேன்."

"மூட்டை வாயில என்னலே கணக்கு?"

வீட்டுக்கு வந்ததும் இருப்பதிலேயே மெல்லிய ஊசியை எடுத்தேன். ஒற்றை நூல். துணியை விரலால் கொஞ்சம் விரித்துப் பிடித்துக்கொண்டு, வலை மூட்டைக்குப் போடுகிற மாதிரி சாய்வாகப் போட்டேன். எந்தத் தையலையும் சுண்டவில்லை. முடித்து இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தேன். துணி நீண்டது. நூலும் கூடவே போய்க் கூடவே திரும்பி வந்தது. இனி இது அறாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பொம்மையின் கையை நானே கழற்றினேன். அதில் உறையை ஏற்றி, கையைத் தோளில் வைத்து அழுத்தினேன். டக்கென்று உட்கார்ந்தது.

மகள் விரலை நுழைக்கப் பார்த்தாள். போகவில்லை. நகத்தை வைத்து நெம்பினாள். அப்போதும் போகவில்லை. பொம்மையின் வாயருகே காதை வைத்தாள்.

"என்ன சொல்லுது?" என்றேன்.

"இறுக்குதாம்."

"அழுகுதா?"

"பொம்மை எப்பிடிப்பா அழுகும்?" என்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் இடது கையை நீட்டினாள், நீட்ட வந்த அளவுக்கு. "போடு."

அன்றிலிருந்து அவளே பொம்மைக்கு நர்சு. தன் கைக்கு எண்ணெய் தடவும்போது அதற்கும் தடவுவாள். தன் உறையைத் துவைத்தால் அதையும் துவைப்பாள். அதில்தான் ஒரு வம்பு வந்தது. பொம்மையின் உறை கொடியில் காயும்வரை இவளும் போடமாட்டாள். "எனக்கு ரெண்டு இருக்கு. பாப்பாவுக்கு ஒண்ணுதானே?" என்றாள். மிச்சத் துணியில் இரண்டாவதையும் தைத்தேன். இந்த முறை காப்பி ஆறுவதற்குள் முடிந்தது.

மாதங்கள் போயின. தினமும் கையை நீட்டி மடக்கும் பயிற்சியும் நடந்தது, பொம்மைக்கும் சேர்த்துத்தான். பொம்மையின் உறைகள் இரண்டும் சாயம் போய்த் தளர்ந்ததும், பாப்பாவுக்குக் கலரில் வேண்டும் என்றாள். அவளையும் கூட்டிக்கொண்டு அதே கடைக்குப் போனேன். வலது கையில் பொம்மையை இடுக்கிக்கொண்டு வந்தாள்.

கடைக்காரப் பெண்ணுக்கு என்னை ஞாபகம் இருந்தது. "என்னண்ணே, அளவு சேரலையா? நான்தான் அப்பவே சொன்னேன்ல."

"அளவெல்லாம் சரியாத்தாம்மா இருந்துச்சு. இன்னொண்ணு குடுங்க. பொம்மைக்குக் கைச்சட்டை தைக்கணும்" என்றேன். கடைக்குள் அன்றும் கூட்டம்தான்.

"பொம்மைக்கா? அப்ப அன்னைக்கு அக்காவுக்குன்னு வாங்கினது?"

"அதுவும் பொம்மைக்குத்தான்."

அவர் பொம்மையைப் பார்த்தார். பிறகு என் மகளின் கையைப் பார்த்தார். துணி எடுக்கும் கொக்கிக் கம்பை எடுத்துக்கொண்டு, "உனக்கு எந்தக் கலருடி தங்கம் வேணும்?" என்றார்.

லெக்கின்ஸ் எல்லாம் கூரைக்குக் கீழே வரிசையாகத் தொங்கின. மகள் இடது கையைத் தூக்கிக் காட்டினாள். முழங்கை மடியாமல் கை நேராக மேலே போயிற்று.

"இதா?" என்று ஒன்றை எடுத்தார்.

"அது இல்ல. அதுக்கு அங்கிட்டு, கிளிப்பச்சை."

"இதுவா?"

"அதுக்கும் அங்கிட்டு."

கை இறங்கவே இல்லை. அவர் இன்னும் ஒரு தடவை தப்பாக எடுத்தால் தேவலை என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.