அக்கா மகளின் நாக்கு

ஏணி என்பது அவள் பெயரல்ல. கல்லூரி வாலிபால் அணியில் சேர்ந்த முதல் நாளே ஒட்டிக்கொண்ட பட்டம். வலைக்கு முன் அவள் குதித்தால் எதிரணிக்கு வானம் தெரியாது என்பார்கள். மூன்றாம் ஆண்டில் குதித்து இறங்கும்போது முழங்கால் திருகிக்கொண்டது. மீதி ஆட்டங்கள் முழுக்கப் பெஞ்சில். சும்மா உட்காரத் தெரியாதவள், எதிரணிக்காரிகளின் முகங்களைப் படிக்க ஆரம்பித்தாள். பந்து எங்கே போகப்போகிறது என்பது கைக்கு முன்பே முகத்துக்குத் தெரிந்துவிடுகிறது.

படிப்பு முடிந்ததும் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. முதலாளி கேட்ட ஒரே கேள்வி, "மேல் தட்டு எட்டுமா?" என்பதுதான்.

நான்கு வருடம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா மகளின் பள்ளி ஆடுவதைப் பார்க்கப் போனாள். நிழல் இருந்த பக்கமாக உட்கார்ந்தாள். அது எதிர்ப் பள்ளியின் பெஞ்சுக்கு நேர் பின்னால் என்று கவனிக்கவில்லை. பக்கத்தில் இருந்த அம்மாளிடம் பெருமை பீற்றத் தொடங்கினாள்.

"பச்சை ரிப்பன் எங்க அக்கா பொண்ணு. பாருங்க, நாக்கக் கடிச்சான்னா பந்து பின் மூலைக்குப் போகும். கடிக்கலேன்னா வலையோரமா விழும்."

பெஞ்சில் இருந்த பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு பச்சை ரிப்பனின் ஒரு சர்வீஸ்கூடத் தரையைத் தொடவில்லை.

"அவ நாக்க ஊருக்கே காட்டிக் குடுத்துட்டியேடி" என்றாள் அக்கா. ஒரு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. மாமா மட்டும் செய்தித்தாளுக்குப் பின்னால் குலுங்கிக்கொண்டிருந்தார்.

ஜெயித்த பள்ளியின் தலைமையாசிரியை விசாரித்துக்கொண்டு மறுநாளே கடைக்கு வந்துவிட்டார்.

"எங்க பிள்ளைங்களுக்குக் கோச் இல்ல. சாயங்காலம் உங்க வாய் மட்டும் வந்தா போதும்."

"வாய் தனியா வராது டீச்சர். வலிக்கிற முட்டியும் கூட வரும்."

முதல் வாரமே சிக்கல். பந்தைத் தூக்கிக் கொடுக்க வேண்டிய செட்டர் பெண், வந்த பந்தையெல்லாம் நழுவவிட்டாள். திட்டித் திட்டி ஏணிக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். பிறகு ஏதோ சந்தேகம் தட்ட, கடையிலிருந்து கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகையைக் கொண்டுவந்து வலைக் கம்பத்தில் மாட்டினாள். அந்தப் பெண்ணுக்கு மூன்றாவது வரியே தெரியவில்லை.

"பந்தாவது தெரியுதாடி உனக்கு?"

"கிட்ட வந்தா தெரியும்க்கா."

இன்னும் இரண்டு பேருக்கு அதே கதை. திட்டியதை நினைத்து அன்று ஏணிக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று கண்ணாடி விற்ற முதலாளியோ, "மத்த பள்ளிக்கூடங்களுக்கும் கோச்சா போயேம்மா" என்றார்.

முதல் போட்டியில் வாய் அடங்காமல் நடுவரிடம் மஞ்சள் அட்டை வாங்கினாள். மறு வருடம் அரையிறுதியில், இன்னொரு அட்டைக்குப் பயந்து, உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசிப் புள்ளி. செட்டர் பந்தைத் தோழிக்குத் தூக்கிக் கொடுப்பதுபோல் பாவனை காட்டி, வலைக்கு அந்தப் பக்கம் மெல்லத் தட்டிவிட்டாள். எதிரணி மொத்தமும் வாயைப் பிளந்து நின்றது. ஏணியும்தான்.

"யாருடி சொல்லிக் குடுத்தா இத?"

"யாருமில்லக்கா. நீங்க கடையிலேர்ந்து வர்றதுக்குள்ள நாங்களே பழகிக்கிட்டோம். உங்ககிட்ட சொன்னா ஊருக்கே தெரிஞ்சிடுமே."

முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, ஆறு பேரையும் மைதானத்தை நான்கு சுற்று ஓடவிட்டாள். பிறகு பந்துகள் வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வயிறு வலிக்கும்வரை சிரித்தாள்.

அடுத்த மாதம் கடை வேலையை விட்டுவிட்டு முழுநேரக் கோச் ஆனாள். அரையிறுதிக் கதையை யார் கேட்டாலும் விலாவாரியாகச் சொல்வாள். இறுதிப் போட்டியில் என்ன ஆயிற்று என்று கேட்டால் மட்டும் விசிலை எடுத்து ஊதிவிடுவாள்.