இரண்டு பேரின் சம்மதம்

சுனாமி என் கணவரைக் கொண்டுபோனபோது எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எங்கள் இருவரிலிருந்தும் உண்டாக்கிய மூன்று கருக்கள் மட்டும் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் உறையவைக்கப்பட்டிருந்தன. ஹஜ்ஜுப் பெருநாள் முடியப் போய் அவற்றிலொன்றை என் வயிற்றில் வைப்பதாக இருந்தோம். சாய்ந்தமருதுக் கடற்கரையில் எங்கள் வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டும் மிஞ்சியது. அவருடைய ஜனாஸாவைக் காரைதீவுப் பக்கம் கண்டெடுத்து அன்றைக்கே அடக்கினார்கள்.

கணவனை இழந்தவளாக வீட்டுக்குள் இத்தா இருந்த மாதங்களில் அந்தக் கருக்களைத் தவிர வேறொன்றும் எனக்கு நினைவில் இல்லை. வாப்பா மௌலவியிடம் கேட்டுவிட்டு வந்து வாசலிலேயே நின்றார்.

"கூடாதாம் மகள். புருஷன் மவுத்தானா நிக்காஹ் முடிஞ்சிதாம். இனி வயித்துல வெக்கப்படாதாம்."

"அது அவர்ர புள்ளதானே வாப்பா?"

"ஓம். எனக்கு விளங்குது. நான் என்ன செய்ய?"

சென்னை டாக்டரம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் தங்களோடு சேர்ந்து வேலை செய்யும் வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றைப் பற்றிச் சொன்னார். கருவிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து, தீராத நோய்களுக்கு மருந்து தேடுகிறார்களாம். நான் சம்மதித்தால் கொடுக்கலாமாம்.

"அதுக்குக் கருவ உடைக்கணுமா டொக்டர்?"

"ஆமாம்மா."

வேண்டாம், அங்கேயே இருக்கட்டும் என்றேன். பிறகு மீண்டும் மூண்ட யுத்த காலம் முழுவதும் அவை அங்கேயே இருந்தன. ஒரு முறையாவது போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைப்பேன். அதில் பார்க்க என்ன இருக்கிறது என்றும் நினைப்பேன்.

யுத்தம் முடிந்த வாரம் டாக்டரம்மாவே அழைத்தார். தவணை முடிகிறது, இனிமேல் வைத்திருக்க முடியாது என்றார். வீதியில் வெடி கொளுத்திக்கொண்டிருந்தார்கள். மற்றக் காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன். சும்மா எறியப்படுவதைவிட யாருக்காவது உதவட்டும் என்று அதற்குள் மனதைத் தேற்றியிருந்தேன். இந்த முறை மௌலவியிடம் யாரையும் அனுப்பவில்லை.

"அந்த ஆய்வுகூடத்துக்கே குடுங்க டொக்டர்."

"இப்ப முடியாதும்மா. அந்த நாட்டு நெறிமுறைக் குழு விதியை மாத்திட்டாங்க. ரெண்டு பேரோட சம்மதமும் வேணுமாம். உங்க கணவர் இதைப் பத்தி ஒண்ணும் சொல்லிட்டுப் போகலையே."

"அவர் மவுத்தாகிட்டாரே."

"தெரியும்மா. அதனாலதான்."

வெடிச் சத்தம் ஓய்ந்தபின் கேட்டேன்.

"அப்ப என்ன செய்வீங்க?"

"வெளிய எடுத்து வெச்சிடுவோம். தானா முடிஞ்சிரும்."

ஓம் என்றேன்.

என் கணவர் மவுத்தான நாளில் ஒவ்வொரு வருஷமும் இறந்தவர்களுக்காக ஊரே கத்தம் ஓதுகிறது. அந்த மூன்றையும் எந்த நாளில் வெளியே எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது.