மேற்குப் பார்த்த ஜன்னல்

செஞ்சியில் எங்கள் வீட்டுக்குப் பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடும். மேற்கே கோட்டை மலை நிற்கிறது. மற்ற ஊர்களில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே எங்கள் கொல்லையில் நிழல் விழுந்துவிடும். வேறு யார் வீடாக இருந்தாலும் இது ஒரு விஷயமே இல்லை. நாங்கள் சமணர்கள், பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை. என் மாமனாருக்கோ சூரியன் மலைக்குப் பின்னால் போனாலே பொழுது சாய்ந்த கணக்குதான்.

"மலை மறைக்குது நைனா, அவ்ளோதான். வல்லத்துல இந்நேரம் வெயில் சுள்ளுனு அடிக்கும்" என்பார் என் வீட்டுக்காரர்.

"நான் இன்னா வல்லத்துலயா இருக்கறேன்?" என்பார் மாமனார்.

மேகம் மூடிய நாட்களில் அவருக்கு வேறு கணக்கு. கொல்லையில் நின்று உள்ளங்கையை விரித்துப் பார்ப்பார். ரேகை தெரிந்தால் சாப்பாடு. தெரியாவிட்டால் மறுநாள் காலைதான். மத்தியானச் சோற்றை எடுத்து வைத்துக் கொடுக்கவும் முடியாது. நேரம் கடந்த சோற்றில் உயிர்கள் சேர்ந்துவிடும் என்று தொடமாட்டார். வாயில் பல்லும் இல்லை. சாயங்காலம் சுடச்சுட ஒரு கிண்ணம் பாசிப்பருப்புக் கஞ்சி, அதில்தான் அவர் உடம்பு ஓடிக்கொண்டிருந்தது.

அது அறுபதுகளின் நடுப்பகுதி. தெருவுக்குக் கரண்ட் வந்தும் எங்கள் வீட்டுக்குள் வராத காலம். அடுப்படி மண்சுவர், ஜன்னல் கிடையாது, நடுப்பகலிலும் புகையும் இருட்டும்தான். மேற்கே ஒரு ஜன்னல் வைத்துக் கொடுங்கள், கடைசி வெளிச்சம் வரைக்கும் விளக்கில்லாமல் சமைப்பேன் என்று நான் கேட்டேன். என் வீட்டுக்காரர் ஜன்னலோடு நிற்கவில்லை. செங்கல் சுவர், புகைக்கூண்டு, நின்றபடி சமைக்க மேடை என்று கரித்துண்டால் தரையில் வரைந்து காட்டினார்.

"கொத்தனார் எதுக்கு? கல்லு மேல கல்லு வெக்கறது பெரிய வித்தையா?" என்றார்.

புரட்டாசியில் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று சுவர்களையும் இடித்துத் தள்ளிவிட்டார். அந்தச் சுறுசுறுப்பைப் பார்த்து நான் பூரித்துப்போனேன். இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் அவருக்குக் கல் பைத்தியம் பிடித்தது. அவர் கடலை மண்டியில் கணக்கு எழுதுகிறவர். மண்டி வேலையாக மெட்ராஸ் போன இடத்தில், பொருட்காட்சியில் ஒருவர் தகர உருளைக்குள் கரடுமுரடான கற்களைப் போட்டு உருட்டி, கண்ணாடி மாதிரி வழவழப்பாக எடுத்ததைப் பார்த்துவிட்டார். ஊர் திரும்பியதும் ஒரு கிரீஸ் டின்னைப் படுக்க வைத்து, பழைய சைக்கிள் சக்கரமும் கைப்பிடியும் பொருத்தி, கொல்லையில் மரச்சட்டத்தில் மாட்டினார். மலையடிவாரத்திலும் ஆற்று மணலிலும் பொறுக்கிய, வெள்ளையும் சிவப்புமான வெங்கச்சங்கற்கள், சாணை பிடிக்கிறவரிடம் வாங்கிய தூள், கொஞ்சம் தண்ணீர், எல்லாம் போட்டு மூடியை இறுக்கிவிட்டுச் சுற்ற வேண்டும். வாரக்கணக்கில் சுற்ற வேண்டும். நிறுத்தி வைத்தால் தூள் அடியில் இறுகிவிடுமாம்.

மண்டியிலிருந்து வந்தால் இருட்டுவதற்குள் அவருக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம். அதில் சுவரா, கல்லா? "இன்னிக்குக் கல்லு, நாளைக்குச் செவுரு" என்பார். மறுநாளும் கல்லாகத்தான் இருக்கும். இடுப்பளவு எழும்பிய சுவரின்மேல் காக்கை உட்கார்ந்திருக்கும்.

நான் கொல்லையில் கீற்றுக் கொட்டகைக்குள் சமைத்தேன். ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. மத்தியானம் தாண்டியவுடனே அடுப்பை மூட்டுவேன். கீற்று ஒழுகும், விறகு ஈரம், ஊதி ஊதிக் கண்ணெல்லாம் எரியும். கஞ்சி கொதிக்கும்போது மாமனார் கையை விரித்துப் பார்த்துக்கொண்டு நிற்பார். நானும் கரண்டியோடு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

"தெரியலம்மா. பரவால்ல, காலையில பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வார்.

அவர் பொழுது போய்விட்டது என்றால் வீட்டில் எல்லோருக்கும் அதுதான் கணக்கு, அந்தக் கஞ்சியை எங்களாலும் குடிக்க முடியாது. மாட்டுத் தொட்டியில் ஊற்றும்போது எனக்கு அழுகை வரும். பெற்ற அப்பா என்னிடம் அத்தனை பிரியமாக இருந்ததில்லை.

ஒருநாள் மாமனாரே டின்னுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"இத்த நான் சுத்தறேன். நீ போய் செவுரு கட்றா" என்று மகனிடம் சொன்னார்.

அன்றிலிருந்து பகலெல்லாம் கொல்லையில் கடகட சத்தம்தான். சுவர் நாலு வரிசை ஏறியது. கற்களும் பளபளக்க ஆரம்பித்தன. மாமனார் ஒன்றை எடுத்து விரலால் தடவிப் பார்த்து, "இது இன்னா கலரும்மா?" என்று என்னைக் கேட்பார். ஆசையாகக் கேட்கிறார் என்று நினைத்து, சிவப்பு, தேன் நிறம் என்று சொல்வேன். கல் நன்றாக வருகிறது என்றதும் மகனுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த ஞாயிறு சுவரை அப்படியே விட்டுவிட்டு, மலையடிவாரத்துக்குப் போய் ஒரு மூட்டைக் கல்லோடு வந்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"கிழவரு பட்டினியில தேயறாரு. உங்களுக்குக் கல்லு தேயணுமா?" என்று கேட்டேன்.

"நான் இன்னா பண்றது? சூரியன் முழுகறதுக்கு முன்னாலயே முழுகிடுச்சின்றாரு. வல்லத்துல..."

"அப்ப வல்லத்துக்குக் கூட்டிட்டுப் போய் கஞ்சி ஊத்தட்டுமா?"

அது அவருக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். மறுநாளே மண்டியில் லீவு சொல்லிவிட்டு, மழை விட்ட நேரமெல்லாம் சுவர்மேல் நின்றார். இரண்டு மூன்று நாளில் ஜன்னல் சட்டம் வைக்கிற அளவுக்கு வந்துவிட்டார். அன்று வானம் மூட்டமாக இருந்ததே தவிர மழை இல்லை. விறகு நன்றாகப் பிடித்தது. கஞ்சி சீக்கிரமே ஆகிவிட்டது. இன்றைக்காவது மாமனார் வயிறு நிறையும் என்று கிண்ணத்தில் ஊற்றி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

கடகட சத்தம் நின்றது.

சுவர்மேல் இருந்தவர்தான் முதலில் திரும்பிப் பார்த்தார். மாமனார் கைப்பிடியைப் பிடித்தபடியே டின்மேல் சாய்ந்திருந்தார். இருவரும் ஓடிப்போய்த் தூக்கி உட்காரவைத்தோம். கையெல்லாம் ஜில்லிட்டிருந்தது. நான் கிண்ணத்தை வாயருகே கொண்டுபோனேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, உள்ளங்கையை மெல்ல விரித்து, மூக்குக்கு நேரே வைத்துப் பார்த்தார்.

"தெரியலடா. பொழுது போயிடுச்சி" என்றார்.

என் வீட்டுக்காரர் தன் கையை விரித்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். என் கையில் ரேகைகள் மட்டுமில்லை, விறகுச் சிராய்ப்புகள்கூடத் தெரிந்தன. அவர் கையில் சுண்ணாம்பு அரித்த வெடிப்புகள் ஒவ்வொன்றும் தெரிந்தன. மாடு மேயப்போனது இன்னும் வீடு திரும்பவில்லை. மாமனாருக்கு மட்டும் இருட்டிவிட்டிருந்தது.

எத்தனை சாயங்காலம் இப்படி ஆகியிருக்கும்? நாங்கள் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் கையை ஒருநாளும் பார்க்கவில்லை.

"நைனா, வெளிச்சம் இருக்குது. எனக்குத் தெரியுது. ஒரு வாய் குடி" என்று மகன் கெஞ்சினார்.

"உன் கண்ணுல நான் எப்பிடிடா சாப்டறது?" என்றார் அவர். அலுத்துக்கொள்ளவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு உச்சிவெயில் நேரத்திலேயே இரண்டாவது வேளையையும் காய்ச்சிக் கொடுத்தேன். இரண்டு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை. மார்கழி பிறப்பதற்குள் போய்விட்டார்.

காரியம் முடிந்ததும் என் வீட்டுக்காரர் வேறு பேச்சில்லாமல் அடுப்படியைக் கட்டி முடித்தார். மேடை, புகைக்கூண்டு, ஜன்னல், எல்லாம் வரைந்து காட்டியபடியே வந்தன. மரச்சட்டத்தைப் பிரித்து எனக்கு அலமாரிப் பலகை அடித்தார். டின்னை மட்டும் திறக்கவே இல்லை. உள்ளே கற்கள் தூளோடு சேர்ந்து இறுகிப்போயிருக்கும். அப்படியே கொல்லை மூலையில் குழி தோண்டிப் புதைத்தார்.

புது அடுப்பில் முதல்நாள் சாயங்காலம் கை தன்போக்கில் பாசிப்பருப்பை எடுத்துவிட்டது. புகையே இல்லை. விறகு காய்ந்தது, சடசடவென்று எரிந்தது. ஜன்னல் வழியாக வெயில் நேராக மேடைமேல் விழுந்தது. என் வீட்டுக்காரர் வாசற்படியில் வந்து நின்று, "நேரமாயிடுச்சா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றேன்.

கஞ்சியை இறக்கி வைத்தபோது மலைக்கு மேலே வெயில் இன்னும் நிறைய இருந்தது.